தலையில் அடிபட்டால்: இரத்தத்தை நிறுத்துவதும் கட்டுப் போடுவதும்

தலையில் காயம் பட்டவரை முதலில் பார்க்கிறவர் திகைத்துப்போவது இரத்தத்தைக் கண்டுதான். முகம், கழுத்து, சட்டை என்று எல்லாம் நனைந்திருக்கும். துடைத்துப் பார்த்தால் காயம் இரண்டு அங்குல நீளம்கூட இருக்காது. இதற்குக் காரணம் தலைத்தோலின் அமைப்பு. மண்டை ஓட்டின்மேல் ஐந்து அடுக்குகளாகப் படிந்திருக்கும் தலைத்தோலில், மேல்தோலுக்கு அடுத்த அடுக்கு அடர்ந்த நார்த்திசுவால் ஆனது. இரத்தக் குழாய்கள் அதற்குள்தான் ஓடுகின்றன. கையிலோ காலிலோ ஒரு குழாய் அறுபட்டால் அது தானாகச் சுருங்கி வாயை மூடிக்கொள்ள முயலும். தலையிலோ அந்த நார்கள் அறுபட்ட குழாயின் வாயைச் சுருங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பதால், சிறிய வெட்டுக்கூடப் பெருகி ஒழுகும். நல்ல வேளையாக, தோலுக்கு நேர் அடியிலேயே கெட்டியான எலும்பு இருக்கிறது. உள்ளங்கையால் விடாமல் அழுத்தினால் குழாய் எலும்போடு நசுங்கி, இரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும்.

மண்டை ஓட்டுக்கு உள்ளே கசிகிற இரத்தத்திற்கு இந்த வசதி கிடையாது. அதை நம்மால் பார்க்கவும் முடியாது, அழுத்தவும் முடியாது. விரிந்து கொடுக்க இடமில்லாத எலும்புக் கூட்டுக்குள் அது தேங்கத் தேங்க மூளை நெருக்கப்படும். ஆகவே தலைக்காயத்திற்கு முதலுதவி செய்கிறவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: வெளிக்காயத்தைக் கை கட்டிக்கொண்டிருக்கும்போதே, அடிபட்டவர் எப்படிப் பேசுகிறார், எப்படிப் பார்க்கிறார் என்பதைக் கண் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். கட்டு நன்றாக அமைந்துவிட்ட நிம்மதியில் இரண்டாவது வேலையை விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி கண்ட தவறு.

தொடுவதற்கு முன்

சாலையில் விழுந்தவர் என்றால், பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த ஒருவரை அனுப்பிவிட்டுத்தான் அருகில் செல்ல வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்” என்று சொன்னால் எல்லோரும் மற்றவர் கூப்பிடுவார் என்று நின்றுவிடுவார்கள்; ஒருவரைக் கைகாட்டி, “அண்ணே, நீங்கள் 108-க்குப் போன் செய்யுங்கள்” என்று சொல்வதே பயன் தரும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 சேவைக்கும், இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கும் கட்டணம் இல்லை. பேசுகிறவர் ஊர்ப் பெயரோடு நிற்காமல், கண்ணில் தெரியும் கோயில், பெட்ரோல் பங்க், கிலோமீட்டர் கல் என்று ஏதேனும் ஒரு அடையாளத்தையும், அடிபட்டவர் நினைவோடு இருக்கிறாரா என்பதையும் சொல்ல வேண்டும்.

தலையில் பலமாக அடிபட்ட எவருக்கும், வேறுவிதமாகத் தெரியும் வரை, கழுத்தெலும்பிலும் அடிபட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், பனை தென்னை மரங்களிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்தவர், ஆழம் தெரியாமல் கிணற்றில் தலைகீழாகக் குதித்தவர் ஆகியோரைப் பொறுத்தவரை இது கட்டாயம். அவர்களை உட்கார வைக்கக் கூடாது. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளவும் கூடாது. அன்பினால் செய்யப்படும் இந்தச் செயல், முறிந்த கழுத்தெலும்பைத் தண்டுவடத்தின்மேல் நகர்த்திவிடக் கூடும். அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தலையின் இரு பக்கங்களையும் கிடந்த நிலையிலேயே அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் செய்யத்தக்கது. அவரிடம் முன்னால் நின்று பேசுங்கள். பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார்.

மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது கட்டுக்கு முந்திய வேலை. கூப்பிட்டும் பதில் இல்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை, அல்லது எப்போதாவது ஒருமுறை விக்கி இழுப்பது போல மூச்சு வருகிறது என்றால், காயத்தை அப்படியே விட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வீதம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்தத் தொடங்க வேண்டும். மயங்கிக் கிடக்கிறார், ஆனால் மூச்சு இருக்கிறது, வாந்தி வருகிறது என்றால், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி மரக்கட்டையை உருட்டுவது போல ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கழுத்துக்கு ஆபத்து வருமே என்ற அச்சத்தில் மல்லாந்தபடியே விட்டுவிட்டால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகும்.

அழுத்துவது

முதலில் உங்கள் கைகளைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாவிட்டால் சுத்தமான பாலித்தீன் பைகளைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். அடிபட்டவர் தெளிவாக இருந்தால் அவர் கையையே காயத்தின்மேல் வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னால், துணி தேடுவதற்கு உங்களுக்குச் சற்று நேரம் கிடைக்கும்.

காயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே சில சமயம் சிரமம். இரத்தம் முடிக்குள் ஓடி வேறெங்கோ சொட்டும். நெற்றியில் வழிகிற இரத்தம் உச்சந்தலையிலிருந்து வந்திருக்கலாம். முடியை விரல்களால் வகிர்ந்து, புதிதாக ஊறுகிற இடத்தைப் பாருங்கள். பெண்களாக இருந்தால் சடையில் செருகிய பூவையும் ஹேர்பின்களையும் முதலில் எடுத்துவிடுங்கள். கட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு பின், அழுத்த அழுத்தத் தோலைக் குத்தும். காயத்திற்குள் விரல் விட்டுத் துழாவ வேண்டாம்.

துணியைப் பல மடிப்பாக மடித்து, காயத்தை முழுவதும் மறைக்கும் அளவுக்குக் கனமான திண்டாக்கி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து விடாமல் அழுத்துங்கள். கிருமி நீக்கிய காஸ் துணி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் துவைத்து இஸ்திரி போட்ட கைக்குட்டை, பருத்தித் துண்டு எதுவும் போதும். பஞ்சை நேராகக் காயத்தில் வைக்கக் கூடாது. அதன் இழைகள் காயத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு தையல் போடுகிறவருக்குப் பெரும் தொல்லையாகும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் கையை எடுக்காமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. எல்லோருக்கும் இரண்டாவது நிமிடத்திலேயே நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கத் தோன்றும். தூக்கினால், அப்போதுதான் உறையத் தொடங்கிய இரத்தம் துணியோடு பிய்ந்து வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தத்தைச் சற்றுக் கூட்டுங்கள். அதுவும் நனைந்தால், நீங்கள் அழுத்துகிற இடம் காயத்தைவிட்டு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இரத்தம் நிற்கவில்லையே என்று கழுத்தைச் சுற்றி எதையும் கட்டக் கூடாது.

அழுத்தக் கூடாத இடம் ஒன்று உண்டு. காயத்தைச் சுற்றி மென்மையாகத் தொட்டுப் பார்க்கும்போது மண்டை ஓடு பள்ளமாக அமுங்கியிருப்பதாகத் தோன்றினாலோ, எலும்புத் துண்டு தெரிந்தாலோ, கண்ணாடியோ கம்பியோ செருகி நின்றாலோ, அதன்மேல் நேராக அழுத்தினால் அந்தத் துண்டு மூளைக்குள் இறங்கும். செருகிய பொருளைப் பிடுங்குவதும் கூடாது. இங்கேதான் சும்மாடு உதவுகிறது. குடமோ கூடையோ சுமக்கத் தலையில் வைத்துக்கொள்ளும் அதே சும்மாடுதான்: ஒரு துண்டை நீளவாக்கில் முறுக்கி, காயத்தைவிடப் பெரிய வளையமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். காயத்தின்மேல் காஸ் துணியைத் தளர்வாகப் போர்த்தி, சும்மாட்டை அதைச் சுற்றி வைத்து, அதன்மேல் கட்டுப் போட்டால், கட்டின் இறுக்கம் முழுவதையும் நல்ல எலும்பின்மேல் நிற்கும் வளையம் தாங்கிக்கொள்ளும். நடுவில் இருக்கும் காயத்தில் பாரம் இறங்காது. செருகிய பொருள் உயரமாக நின்றால் வளையத்தையும் அந்த உயரத்திற்குச் சமமாகக் கனப்படுத்த வேண்டும்.

காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம் கலந்த நீரோ தண்ணீர் போன்ற தெளிந்த நீரோ வடிந்தால், அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். மண்டை ஓட்டின் அடிப்பகுதி விண்டிருப்பதற்கு அது அறிகுறி. பஞ்சை வைத்து அடைக்காதீர்கள். மூக்கைச் சிந்தவும் விடாதீர்கள். காதின்மேல் சுத்தமான துணியைத் தளர்வாக வைத்து, வடிவது வடியட்டும் என்று விட்டுவிடுவதே சரி. இரண்டு கண்களைச் சுற்றியும் கருவளையம் விழுவதும், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின்மேல் நீலம் பாரிப்பதும் இதே முறிவைக் காட்டுபவைதான்; ஆனால் அவை வெளிப்படச் சில மணி நேரம் ஆகும் என்பதால், இல்லையே என்று ஆறுதல் அடைய முடியாது.

முக்கோணத் துணியால் தலைக்கட்டு

கழுத்தில் அடி என்ற சந்தேகம் இருக்கிறவருக்குக் கட்டே வேண்டாம். தலையைத் தூக்காமல் கட்டுப் போட முடியாது. ஆம்புலன்ஸ் வரும் வரை கையால் அழுத்திப் பிடித்திருப்பதே போதும். கட்டு என்பது, நினைவோடு உட்கார்ந்திருப்பவருக்கும், மருத்துவமனைக்கு நீண்ட தூரம் போக வேண்டியவருக்கும், ஒரே உதவியாளர் பலரைக் கவனிக்க வேண்டிய இடத்துக்கும் உரியது.

கடையில் விற்கும் முக்கோணக் கட்டுத்துணி இல்லாவிட்டால் பழைய பருத்தி வேட்டியே சிறந்தது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி தலையின் வளைவோடு படிந்து உட்காரும். புதுத் துணி மொடமொடவென்று நின்று வழுக்கும். வேட்டியில் பக்கத்திற்கு ஒரு மீட்டர் வரும்படி ஒரு சதுரம் வெட்டி, அதை மூலைக்கு மூலை கத்தரித்தால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். நீளமான ஓரத்தை அடி என்றும், அதற்கு எதிரே உள்ள மூலையை முனை என்றும், அடியின் இரு கோடிகளையும் நுனிகள் என்றும் வைத்துக்கொள்வோம்.

அடிபட்டவரை நாற்காலியில் உட்கார வைத்து அவருக்குப் பின்னால் நில்லுங்கள். காயத்தின்மேல் திண்டுத் துணி ஏற்கெனவே இருக்க வேண்டும். அதை அவரையோ வேறொருவரையோ பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முக்கோணத்தின் அடி ஓரத்தை இரண்டு விரல் அகலத்திற்கு உள்பக்கமாக மடியுங்கள். இந்த மடிப்பு இல்லாவிட்டால் ஓரம் நெகிழ்ந்து கண்ணை மறைக்கும். மடித்த ஓரம் புருவத்துக்குச் சற்று மேலே நெற்றியில் படிய, முனை பிடரியைத் தாண்டி முதுகில் தொங்கும்படி துணியைத் தலைமேல் போர்த்துங்கள். இப்போது இரண்டு நுனிகளையும் காதுகளுக்குச் சற்று மேலாகப் பின்னால் கொண்டுவாருங்கள்.

கட்டு நிற்பதும் நழுவுவதும் அடுத்த அசைவில்தான் இருக்கிறது. பின்தலையைத் தடவிப் பார்த்தால் கழுத்துக்கு மேலே எலும்பு ஒரு மேடாகப் புடைத்திருப்பது கைக்குத் தெரியும். நுனிகள் அந்த மேட்டுக்குக் கீழேதான் ஒன்றையொன்று குறுக்கிட வேண்டும். நான் முதன்முதலில் பழகியபோது என் தம்பியின் தலையில் மேட்டுக்கு மேலே குறுக்கிட்டுக் கட்டினேன். பார்க்கத் திருத்தமாகத்தான் இருந்தது, அவன் இரண்டு தடவை தலையாட்டியதும் குல்லாய் போலக் கழன்று என் கையில் விழுந்தது. அருகில் உட்கார்ந்திருந்த தாத்தா, “முண்டாசு கட்டத் தெரியாதவனுக்கு இதெல்லாம் எங்கே வரும்?” என்று சிரித்தார். அவர் சொன்னது கேலியாக இருந்தாலும் பாடம் அதில்தான் இருந்தது. வயலில் நாள் முழுவதும் குனிந்து நிமிர்கிறவரின் முண்டாசு அவிழாமல் நிற்பதற்குக் காரணம், துண்டு முன்னால் நெற்றியையும் பின்னால் மேட்டுக்கு அடியையும் கவ்வியிருப்பதுதான்.

குறுக்கிடும்போது தொங்குகிற முனை, நுனிகளுக்கு அடியில் சிக்கியிருக்க வேண்டும். பிறகு நுனிகளை மறுபடி காதுகளுக்கு மேலாக முன்னால் கொண்டுவந்து, நடு நெற்றியில் ரீஃப் முடிச்சுப் போடுங்கள். வலக்கை நுனியை இடக்கை நுனியின்மேல் போட்டு ஒரு சுற்று, அடுத்து இடக்கை நுனியை வலக்கை நுனியின்மேல் போட்டு ஒரு சுற்று. இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு புடைத்துக்கொண்டு, பிறகு நழுவும். காயம் நெற்றியிலேயே இருந்தால் முடிச்சைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளிக் கொள்ளலாம். எந்த நிலையிலும் அது காயத்தின்மேல் அமரக் கூடாது. கடைசியாக ஒரு கையை உச்சந்தலையில் வைத்து ஆதரவாகப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் முனையை மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்தால், தளர்ந்திருந்த துணி தலையோடு படியும். அப்போது முனையை மேலே திருப்பி உச்சியில் ஊக்குக் குத்துங்கள். ஊக்கு இல்லாவிட்டால் குறுக்கிட்ட மடிப்புக்குள் செருகிவிடலாம்.

கட்டின் ஓரத்தில் ஒரு விரல் சிரமத்துடன் நுழைய வேண்டும். தாராளமாக நுழைந்தால் தளர்வு. நுழையவே முடியாவிட்டால் சிறிது நேரத்தில் அடிபட்டவர் தலைவலி என்பார், அந்த வலி கட்டினாலா காயத்தினாலா என்று யாருக்கும் விளங்காமல் போகும்.

சுருள் கட்டு மட்டும் கைவசம் இருந்தால், இரண்டு அல்லது மூன்று அங்குல அகலமுள்ளதை எடுத்து, நெற்றியையும் பின்மேட்டின் அடியையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி நிலைப்படுத்திக்கொண்டு, பிறகு காயத்தின் பக்கமாக ஏற்றி இறக்கிச் சுற்றலாம். நெற்றிக்கோ நெற்றிப்பொட்டுக்கோ இதுவே வசதி. உச்சந்தலைக் காயத்திற்குச் சுருள் கட்டுப் போடப் பழகிய கை வேண்டும். பழகாதவர் முக்கோணத்தையே நம்பலாம். காது கிழிந்திருந்தால் முதலில் கம்மலையோ ஜிமிக்கியையோ கழற்றி, காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய மடிப்பும் மேலே ஒரு மடிப்பும் வைத்துக் கட்டுங்கள். பின்னால் வைக்காவிட்டால் காது மண்டை ஓட்டோடு நசுங்கி வலிக்கும். தாடையைச் சேர்த்துக் கட்டும் கட்டை, வாந்தி வரக்கூடியவருக்கும் மயக்கமாக இருப்பவருக்கும் ஒருபோதும் போடாதீர்கள். சிறு குழந்தைகளுக்குத் திண்டுத் துணிமேல் இறுக்கமான பருத்திக் குல்லாயை மாட்டிவிட்டாலே பெரும்பாலும் போதும்.

ஹெல்மெட் அணிந்திருந்தால்

ஹெல்மெட்டைக் கழற்றுவதுதான் முதல் உதவி என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சு சீராக இருந்து, முகக் கண்ணாடியைத் தூக்கிவிட முடிந்தால், ஹெல்மெட் அப்படியே இருக்கட்டும்; கழற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் ஆம்புலன்ஸில் வருகிறார்கள். மூச்சு நின்றுவிட்டது, அல்லது வாந்தியால் அடைக்கிறது, வேறு வழியில்லை என்றால் மட்டுமே கழற்ற வேண்டும், அதுவும் இரண்டு பேராக. ஒருவர் தலைமாட்டில் இருந்து ஹெல்மெட்டை இரு பக்கமும் பிடித்துத் தலையை அசையாமல் வைத்திருக்க, மற்றவர் வாரை அவிழ்த்து, ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் தாங்கிக்கொள்ள வேண்டும். தலைமாட்டில் இருப்பவர் பக்கங்களை வெளிப்புறமாக விரித்து, மூக்கில் இடிக்காமல் முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, பிறகு பின்மேட்டைத் தாண்டும்படி சாய்த்து மெதுவாக உருவுவார். ஹெல்மெட் வெளியே வரும் கணத்தில் தலை தொப்பென்று தரையில் விழாமல் இருப்பது கீழே தாங்குகிறவர் பொறுப்பு. கழற்றிய ஹெல்மெட்டை ஓரமாக எறிந்துவிடாமல் மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்புங்கள். அது எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது என்பது மருத்துவருக்கு ஒரு செய்தி.

கட்டிய பிறகு கவனிக்க வேண்டியவை

2009 மார்ச் மாதம் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்தார். வெளிக்காயம் எதுவும் தெரியவில்லை. அவரும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி மருத்துவ உதவியை மறுத்துவிட்டார். சிறிது நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்துபோனார். மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே இரத்தம் தேங்கியதே காரணம். நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஓர் இரத்தக் குழாய் ஓடுகிறது. அங்கே அடிபட்டு அந்தக் குழாய் கிழிந்தால், அடிபட்டவர் சற்று மயங்கி, பிறகு தெளிந்து எழுந்து, டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். உள்ளே இரத்தம் கட்டிக்கொண்டே வரும். ‘எழுந்து நடந்தாரே’ என்று வீட்டார் பிறகு சொல்வதெல்லாம் இந்த இடைவேளையைப் பற்றித்தான்.

எனவே கட்டு முடிந்ததும் பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஆளைச் சோதியுங்கள். தானாகக் கண் விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் விழிக்கிறாரா, கிள்ளினால் மட்டும் அசைகிறாரா, எதற்கும் அசைவில்லையா என்ற நான்கு படிகளே போதும். படி இறங்குகிறது என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. ‘நலமா’ என்று கேட்டால் எவரும் நலம் என்றுதான் சொல்வார். இன்று என்ன கிழமை, எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். போன் டார்ச்சை ஒவ்வொரு கண்ணிலும் பக்கவாட்டிலிருந்து ஒரு நொடி காட்டி, கண்ணின் நடுவில் கரும்புள்ளியாகத் தெரியும் பாப்பாக்கள் இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா, வெளிச்சம் பட்டதும் சுருங்குகின்றனவா என்று பாருங்கள். இரண்டு கைகளாலும் உங்கள் விரல்களை இறுகப் பிடிக்கச் சொன்னால் ஒரு பக்கம் தளர்ந்திருப்பது உடனே தெரியும்.

சிறிது நேரமாவது நினைவிழந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடுகிற தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் சோர்வு, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பாப்பாக்களின் அளவு வேறுபடுவது, எழுப்ப எழுப்பத் தூங்கிவிழுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அருகில் உள்ள கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு நிற்காமல், சிடி ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்ல வேண்டும். குடித்தவர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சாராய வாடை வருகிறது, ஆகவே போதையில் தூங்குகிறார் என்று முடிவு கட்டிவிட்டு விடியும் வரை திண்ணையில் கிடத்துவது நம் ஊர்களில் உயிரைக் கொண்டுபோகும் வழக்கம். குழறலும் தள்ளாட்டமும் இரண்டுக்கும் பொதுவானவை. வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

முதியவர்களுக்கு வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால், அதை மேலுறையோடு இணைக்கும் சிறு இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. குளியலறையில் லேசாக இடித்துக்கொண்டதுகூட அவற்றைக் கிழிக்கும். கசிவு மெதுவாக இருந்தால் வாரக்கணக்கில் கழித்துத்தான் தடுமாற்றமும் மறதியும் தலைகாட்டும். அதற்குள் அடிபட்டதையே எல்லோரும் மறந்திருப்பார்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர் என்றால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தை விழுந்ததும் வீறிட்டு அழுதால் அது ஓரளவு நல்ல அறிகுறி. விழுந்ததும் சத்தமில்லாமல் துவண்டு கிடப்பதும், பால் குடிக்க மறுப்பதும், கீச்சென்று ஓயாமல் அழுவதும், உச்சிக்குழி புடைத்திருப்பதும் ஆபத்தானவை. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை மூன்றடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்திருந்தால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். வெறும் நெற்றிப் புடைப்பு என்றால், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இருபது நிமிடத்துக்கு மேற்படாமல் ஒத்தடம் கொடுக்கலாம். புடைப்பைத் தேய்த்து அமுக்கிவிடுவது இரத்தக் கட்டைப் பெரிதாக்கும். நெற்றிப் புடைப்பின் இரத்தம் தோலுக்கடியில் மெல்ல இறங்கி, ஓரிரு நாள் கழித்து அதே பக்கக் கண்ணிமை கறுப்பதும் உண்டு. வேறு அறிகுறி இல்லாவிட்டால் அதைக் கண்டு அலற வேண்டியதில்லை.

காப்பித்தூளும் சோடாவும்

காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சிலந்தி வலை ஆகியவற்றை அப்புவதை விட்டுவிடுங்கள். காப்பித்தூள் வைத்ததும் இரத்தம் நிற்பது உண்மைதான். நிறுத்தியது தூளை அமுக்கிய விரல். மருத்துவமனையில் அந்தத் தூளை ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுத்த பிறகே தையல் போட முடியும். எலும்பு தெரியும் ஆழமான காயத்தையும், முறிவு இருக்கலாம் என்று தோன்றும் காயத்தையும் வீட்டில் கழுவவே கூடாது. மேலோட்டமான சிராய்ப்பை மட்டும் ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவலாம். தண்ணீர், சோடா, காப்பி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மயக்கமாக இருப்பவருக்கு அது நுரையீரலுக்குப் போகும். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதும் நல்லது. தலைவலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகு பாராசிட்டமால் கொடுக்கலாம். அடிபட்டவரைத் தூங்கவே விடக் கூடாது என்ற நம்பிக்கையும் முழுவதும் சரியன்று: மருத்துவர் சோதித்து வீட்டுக்கு அனுப்பியவர் தூங்கலாம், ஆனால் முதல் இரவில் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அவரை எழுப்பி, பெயரைச் சொல்லிப் பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

மருத்துவமனைக்கு

அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமே என்ற தயக்கத்திற்கு இன்று சட்டத்தில் இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ வராமல் காக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், அதில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காயம்பட்டவரிடம் பணம் கேட்பதில்லை. வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு துண்டுச் சீட்டில் நான்கு செய்திகளை எழுதி உடன் செல்பவர் கையில் கொடுங்கள்: எத்தனை மணிக்கு அடிபட்டது, எப்படி விழுந்தார், இடையில் எவ்வளவு நேரம் நினைவிழந்திருந்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறவர். சீட்டு இல்லாவிட்டால் போனிலாவது குறித்து வையுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் அடுத்தடுத்து மூன்று பேர் இதையே கேட்பார்கள், மூன்று பேருக்கும் ஒரே பதில் போக வேண்டும். கட்டுக்கு அடியில் எந்த இடத்தில் என்ன காயம், எலும்பு அமுங்கியிருந்ததா, சும்மாடு வைத்துக் கட்டியிருக்கிறதா என்பதையும் சொல்லிவிட்டால், கட்டை அவிழ்க்கும் செவிலியர் அதற்கேற்பக் கை வைப்பார். டெட்டனஸ் தடுப்பூசியான டிடி ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று நினைவிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.